காமிராவிலிருந்து கணினிக்கு: களப் படங்களைப் பத்திரமாக மாற்றும் முறை

களப்பணியில் ஈடுபட்டிருப்போருக்கும், மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் டிஜிட்டல் காமிரா இன்று அன்றாடச் சாதனமாகிவிட்டது. படம் எடுப்பது எளிது. எடுத்த படத்தை உடனே பார்க்கவும் முடிகிறது. ஆனால் அப்படம் ஒரு சான்றாக நிலைக்க வேண்டுமானால், அது காமிராவிலிருந்து கணினிக்கு வந்து சேர்ந்து, பிழையின்றி வந்திருக்கிறதா என்று சோதிக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட வேண்டும். படங்கள் தொலைவது பெரும்பாலும் எடுக்கும் இடத்தில் நிகழ்வதில்லை. மாற்றும் இடத்திலேயே நிகழ்கிறது. யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த கணினிகளில், குறிப்பாக லினக்ஸில், இவ்வேலையைச் செய்யும் முறையும் அம்முறைக்குரிய காரணங்களும் இங்கு விளக்கப்படுகின்றன.

பெங்களூர் சிவாஜிநகரை உதாரணமாகக் கொள்ளலாம். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைமுகாம் அமைத்தபின், அதனை ஒட்டிப் பல தொழிலாளரும் வணிகரும் குடியேறினர். அவர்களில் தமிழர் கணிசமானவர். முன்னர் பிளாக்பள்ளி என்று வழங்கிய அப்பகுதியே இன்றைய சிவாஜிநகர். அங்குள்ள ரஸ்ஸல் மார்க்கெட் 1927-இல் கட்டப்பட்டது. அக்காலத்து நகராட்சிக் கமிஷனர் ரஸ்ஸல் என்பவரின் பெயரே அதற்கு இடப்பட்டது. 2012 பிப்ரவரியில் அந்த மார்க்கெட்டில் தீ விபத்து நேர்ந்து, பல கடைகள் எரிந்தன. எரிந்த கடை தீக்கு முன்பு எவ்வாறு இருந்தது என்பதை மீண்டும் படம் எடுக்க எவராலும் இயலாது. முன்பே எடுத்து வைத்த படம் ஒன்றுதான் அதற்குச் சாட்சி.

பள்ளி மாணவர் குழு ஒன்று இரண்டு காமிராக்களுடன் ஒரு காலை முழுவதும் ரஸ்ஸல் மார்க்கெட்டின் வாயில், கடைவரிசைகள், சுற்றியுள்ள தெருக்கள் ஆகியவற்றைப் படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு காமிராவிலும் 150 படங்கள், மொத்தம் 300. மாலையில் இந்த 300 படங்களும் ஒன்றுகூடக் குறையாமல் பள்ளியின் லினக்ஸ் கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். இனி வரும் விளக்கங்கள் அனைத்தும் இந்த 300 படங்களைக் குறித்தவையே.

ஒரே ஆண்டில் தோன்றிய இரண்டு

டிஜிட்டல் காமிராவுக்கும் யூனிக்ஸுக்கும் வியக்கத்தக்க ஓர் உறவு உண்டு. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் 1969-ஆம் ஆண்டு கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் இயக்கமுறையைத் தொடங்கினர். அதே ஆண்டில், அதே ஆராய்ச்சிக் கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் விஞ்ஞானிகள், ஒளியை மின்னேற்றமாகச் சேகரித்து வரிசையாக வெளியேற்றவல்ல சி.சி.டி. என்னும் சாதனத்தைக் கண்டனர். அக்கண்டுபிடிப்பிற்காக 2009-இல் அவ்விருவருக்கும் பௌதிக நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கோடாக் கம்பெனியின் என்ஜினியர் ஸ்டீவன் ஸாஸன் 1975-இல் சி.சி.டி.யைக் கொண்டு முதல் கையடக்க டிஜிட்டல் காமிராவை அமைத்தார். 100 வரிசை, வரிசைக்கு 100 புள்ளி என அதன் படத்தில் 10,000 புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தைக் காஸெட் நாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின. காமிராவிலிருந்து வேறொரு கருவிக்குப் படத்தை எவ்வாறு கொண்டுபோவது என்னும் பிரச்சினை அன்றே பிறந்துவிட்டது எனலாம்.

யூனிக்ஸைப் பின்பற்றி லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ், நம் நாட்டிலும் வேரூன்றியுள்ளது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆசிரியர்கள் சிலரும் என்கோர் நிறுவனத்தாரும் வகுத்து, 2004-இல் விற்பனைக்கு வந்த ‘சிம்ப்யூட்டர்’ என்னும் கைக்கணினி லினக்ஸில்தான் இயங்கியது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. சென்னையிலுள்ள சி-டாக் நிலையம் 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் இயக்கமுறையும், கேரள அரசுப் பள்ளிகளில் வழங்கும் இயக்கமுறையும் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆதலின் இங்குக் கூறப்படும் முறை அவற்றுக்கும் பொருந்தும்.

அட்டைக்குள் இருப்பது என்ன?

காமிராவின் மெமரி கார்டில் படங்கள் ஒழுங்கான ஓர் ஏற்பாட்டின்படி வைக்கப்படுகின்றன. 1998-இல் ஜப்பானியத் தொழில் அமைப்பு வகுத்த விதியைப் பெரும்பாலான காமிராக்கள் பின்பற்றுகின்றன. அதன்படி, அட்டையின் மேல்மட்டத்தில் ‘டி.சி.ஐ.எம்.’ என்ற கோப்புறை இருக்கும். அதனுள் 100 முதல் 999 வரையிலான எண்ணில் தொடங்கும் கோப்புறைகள் இருக்கும். அவற்றினுள் இருக்கும் ஒவ்வொரு படத்தின் பெயரிலும் நான்கு எழுத்துகளும், அவற்றை அடுத்து 0001 முதல் 9999 வரை ஓர் எண்ணும் அமைந்திருக்கும்.

இவ்விதியில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. ஒரே கம்பெனியின் இரு காமிராக்கள் தங்கள் முதல் படத்திற்கு ஒரே பெயரை இடலாம். ஒரே காமிராகூட 9999-ஐக் கடந்ததும் மீண்டும் 0001-இலிருந்து தொடங்கும். ஆகவே, படத்தின் பெயர் அப்படத்திற்கு மட்டுமே உரிய அடையாளமன்று. பெயர் ஒன்றாயிருப்பதால் படமும் ஒன்றே என்று கருதுவது தவறு.

படத்தின் அளவையும் அறிந்திருத்தல் நலம். வரிசைக்கு 6,000 புள்ளிகளாக 4,000 வரிசைகள் கொண்ட படத்தில் 2.4 கோடிப் புள்ளிகள் உள்ளன. புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட்டு என்று கணக்கிட்டால் 7.2 கோடி பைட்டுகள் ஆகும். 1992-இல் வகுக்கப்பட்ட ஜேபெக் முறை, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் குறைத்து இதனைச் சுருக்குகிறது. படம் ஒன்றுக்கு ஒரு கோடி பைட்டு, அதாவது 10 மெகாபைட்டு என்று கொண்டால், சிவாஜிநகர் மாணவர்களின் 300 படங்களும் சேர்ந்து 3,000 மெகாபைட்டு ஆகும். விநாடிக்கு 30 மெகாபைட்டு வீதம் நகலெடுக்கும் கணினிக்கு இவ்வேலை 100 விநாடியில் முடியும். காலம் மிகக் குறைவானதால், அவசரப்பட்டுப் படிகளைத் தாண்டிச் செல்ல வேண்டிய அவசியம் ஏதுமில்லை.

இணைப்பதற்கு இரு வழிகள்

முதல் வழி, காமிராவை யு.எஸ்.பி. கம்பியால் கணினியுடன் நேரே இணைப்பது. இவ்வழியில் பெரும்பாலான காமிராக்கள் பி.டி.பி. என்னும் உரையாடல் முறையைக் கையாளுகின்றன. கணினி கேட்கிறது, காமிரா தன்னிடமுள்ள படங்களின் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொன்றாக அனுப்புகிறது. லினக்ஸில் இதனைச் செய்வது ‘ஜி-போட்டோ’ என்னும் நிரல். டிஜிகாம், ஷாட்வெல் போன்ற படத்தொகுப்பு நிரல்களும் உள்ளே அதனையே பயன்படுத்துகின்றன. இவ்வழியில் காமிராவின் மின்கலம் முழுமையாக ஏற்றப்பட்டிருத்தல் வேண்டும். பாதியில் காமிரா அணைந்துபோனால் வேலையும் பாதியில் நின்றுவிடும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் எம்.டி.பி. என்னும், இதனை ஒத்த வேறொரு முறையைக் கையாளுகின்றன.

இரண்டாவது வழி, அட்டையை வெளியே எடுத்துக் கார்டு ரீடரில் செருகுவது. அப்போது அட்டை ஒரு சிறு வட்டாகவே கணினிக்குத் தோன்றும்; காமிராவின் உதவி தேவையில்லை. கள ஊழியர்களுக்கு இவ்வழியே சிறந்தது. எஸ்.டி. வகை அட்டையின் பக்கவாட்டில் ஒரு சிறு பூட்டு இருக்கும். செருகுவதற்கு முன் அதனைப் பூட்டு நிலைக்குத் தள்ளிவிட்டால், பெரும்பாலான ரீடர்கள் அட்டையில் எதையும் எழுதவோ அழிக்கவோ இடந்தருவதில்லை. மூலப் படங்களுக்கு இதைவிட எளிய காவல் வேறில்லை.

ஒட்டுக் கட்டுதல்

விண்டோஸ் கணினியில் ஒவ்வொரு வட்டுக்கும் ஓர் ஆங்கில எழுத்து பெயராக வழங்குகிறது. யூனிக்ஸில் அவ்வாறில்லை. அங்குள்ள கோப்புகள் அனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்த ஒரே மரமாகக் கருதப்படும். புதிய அட்டை வரும்போது அதன் சிறு மரம் பெரிய மரத்தின் ஒரு கிளையில் பொருத்தப்படுகிறது. தோட்டக்காரர் மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவதற்கு இதனை ஒப்பிடலாம். இச்செயலுக்கு ‘மவுண்ட்’ என்று பெயர். இக்காலத்து லினக்ஸ் கணினிகளில் அட்டையைச் செருகியதும் பொதுவாக ‘மீடியா’ என்னும் கிளையில் இது தானாகவே நடைபெறுகிறது.

64 கிகாபைட்டு அல்லது அதற்கு மேற்பட்ட அட்டைகளில் ‘எக்ஸ்-ஃபாட்’ என்னும் அமைப்பு கையாளப்படுகிறது. லினக்ஸின் உட்கருவில் இதற்கு 2019-இல்தான் இடமளிக்கப்பட்டது. ஆகவே, பழைய லினக்ஸ் உள்ள கணினியில் பெரிய அட்டை திறக்கவில்லையென்றால், அட்டை கெட்டுவிட்டதென்று முடிவு செய்துவிடலாகாது. ‘ஃபார்மட் செய்யட்டுமா?’ என்று எந்தக் கருவியாவது கேட்டால் ‘வேண்டாம்’ என்றே விடையளிக்க வேண்டும். அட்டையைப் புதிய கணினியில் செருகிப் பார்ப்பதே சரியான அடுத்த படி.

நகலெடுத்தல்

கட்டளை வழியாக நகலெடுக்க யூனிக்ஸில் ‘சிபி’ என்னும் கட்டளை உள்ளது. அது கீழ்ப்படிதலுள்ள ஊழியன். ஆனால் கேள்வி கேட்காத ஊழியன். போய்ச் சேரும் இடத்தில் அதே பெயருடைய கோப்பு ஏற்கனவே இருந்தால், பழையதன் மேல் புதியதை எழுதிவிடும், எச்சரிக்கையும் செய்யாது. சிவாஜிநகர் மாணவர்கள் முதல் காமிராவின் 150 படங்களை ஒரு கோப்புறையில் இட்டு, இரண்டாவது காமிராவின் 150 படங்களையும் அதே கோப்புறையில் இட்டார்களானால் என்ன நேரும்? இரண்டிலும் எண் 0001 முதல் 0150 வரை ஒரே பெயர்கள் இருந்தால், கோப்புறையில் எஞ்சுவன 150 படங்களே. காலையில் எடுத்த பாதிப் படங்கள் ஓசையின்றி மறைந்துவிடும். அட்டைகளையும் உடனே அழித்துவிட்டால் மீட்சி அரிது.

இதற்குப் பரிகாரம் எளிது. ஒவ்வொரு நாளுக்கும், அந்நாளின் ஒவ்வொரு அட்டைக்கும் தனித்தனிக் கோப்புறை அமைக்க வேண்டும். அதன் பெயரில் ஆண்டு, மாதம், நாள், இடம், காமிரா என்ற வரிசை இருத்தல் நலம். ‘2025-03-10_சிவாஜிநகர்_காமிரா1’ என்பது போல. ஆண்டு முதலில் வந்தால், கணினி பெயர் வரிசையில் அடுக்கும்போது கால வரிசையும் தானாகவே அமையும். இன்றைய லினக்ஸ் தமிழ்ப் பெயர்களைத் தடையின்றி ஏற்கிறது. சொற்களுக்கிடையே வெற்றிடம் விடாமல் அடிக்கோடு இடுவது கட்டளைகளில் குழப்பத்தைத் தவிர்க்கும். யூனிக்ஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகக் கொள்ளும் என்பதையும் மறத்தலாகாது.

கோப்புகளை ‘நகர்த்தும்’ கட்டளையை இவ்வேலைக்குப் பயன்படுத்தலாகாது. நகர்த்துதல் என்பது நகலெடுத்து மூலத்தை அழித்தலாகும். இடையில் சோதனைக்கு இடமே இல்லை.

சரிபார்த்தல்

இப்பாடத்தின் உயிர்நிலை இப்பகுதியே. நகல் எடுத்தாயிற்று என்று கணினி கூறுவது ஒன்று. நகல் சரியாயிருக்கிறது என்பது மற்றொன்று. முதலில் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அட்டையில் 150, கோப்புறையில் 150. ஆனால் எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் போதாது. படத்தின் பாதி மட்டுமே வந்திருந்தாலும் அது ஒரு கோப்பாகவே எண்ணப்படும்.

பெருக்கல் கணக்கைச் சரிபார்க்க இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் பழைய முறையை ஆசிரியர்கள் அறிவர். 4725 என்னும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 18. மீண்டும் கூட்டினால் 9. இதனை ஒருவர் 4735 என்று தவறாகப் படியெடுத்தால் கூட்டுத்தொகை 19, பின் 10, பின் 1. பிழை வெளிப்பட்டுவிடும். ஆனால் 4752 என்று இடம் மாற்றி எழுதினால் கூட்டுத்தொகை மாறாது, பிழை மறைந்துகொள்ளும். கணினியிலுள்ள ‘ஷா-256’ என்னும் முறையும் நீண்ட செய்தியிலிருந்து குறுகிய சோதனை எண் ஒன்றைப் பெறும் வழியே. ஆனால் அது இத்தகைய குறையில்லாதது. கோப்பு எவ்வளவு பெரிதாயினும் 64 குறிகளைக் கொண்ட ஒரு சோதனை எண்ணை அது தரும். கோப்பில் ஒரே ஒரு பிட்டு மாறினாலும், இரு பைட்டுகள் இடம் மாறினாலும், அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும்.

முறை இதுவே: அட்டையிலுள்ள படங்கள் அனைத்துக்கும் சோதனை எண்களைக் கணக்கிட்டு, அப்பட்டியலைக் கணினியில் ஒரு கோப்பாகச் சேமிக்க வேண்டும். பின்னர் அதே கட்டளையைச் சரிபார்க்கும் முறையில் இயக்கினால், அது நகல்களைப் படித்துப் பட்டியலுடன் ஒப்பிட்டு, ஒவ்வொரு படத்திற்கும் ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று அறிவிக்கும். இப்பட்டியலைப் படங்களுடனேயே வைத்திருந்தால், ஐந்து ஆண்டுகள் கழித்தும் படங்கள் கெடாமல் இருக்கின்றனவா என்று சோதிக்கலாம்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. விரைவுக்காக லினக்ஸ் தான் எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பின்னர் மெல்ல வட்டில் எழுதுகிறது. பென் டிரைவ் போன்ற மெதுவான சாதனத்தில் நகலெடுக்கும்போது, திரையில் வேலை முடிந்ததாகத் தோன்றிய பின்னும் எழுத்து நடந்துகொண்டிருக்கலாம். உடனே சோதித்தால், வட்டிலிருந்து படிக்காமல் நினைவகத்திலிருந்தே படித்துச் ‘சரி’ என்று கூறிவிடவும் கூடும். ஆகவே, வெளிச் சாதனத்தில் நகலெடுத்தபின் ‘யு-மவுண்ட்’ கட்டளையால் அதனை முறைப்படி கழற்றி, மீண்டும் செருகி, அதன் பிறகே சோதிக்க வேண்டும். கழற்றும் கட்டளை முடியுமுன் சாதனத்தைப் பிடுங்குவது, மை காயுமுன் ஏட்டை மூடுவதற்கு ஒப்பாகும்.

கடிகாரப் பிழை

ஒவ்வொரு படத்தினுள்ளும் எக்ஸிஃப் என்னும் குறிப்புப் பகுதி ஒன்று அமைகிறது. எடுத்த தேதி, நேரம், காமிராவின் வகை, சில கருவிகளில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவை அதில் பதிவாகின்றன. ஆனால் அந்நேரம் காமிராவின் கடிகாரம் காட்டிய நேரமே. கடிகாரம் தவறாயிருந்தால் 300 படங்களின் நேரமும் தவறாகும். இரு காமிராக்களின் படங்களையும் ஒரே கால வரிசையில் அடுக்கவும் இயலாது. இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. பணி தொடங்குமுன், சரியான நேரம் காட்டும் கைப்பேசித் திரையை இரு காமிராக்களாலும் ஒவ்வொரு படம் எடுத்துவிட வேண்டும். திரையில் தெரியும் நேரத்திற்கும் எக்ஸிஃப் குறிப்பு கூறும் நேரத்திற்கும் உள்ள வேறுபாடே கடிகாரப் பிழை. ‘எக்ஸிஃப்டூல்’ என்னும் நிரலால் எல்லாப் படங்களின் நேரத்தையும் அவ்வளவு கூட்டியோ குறைத்தோ திருத்திவிடலாம். திருத்தங்களை நகலில் மட்டுமே செய்ய வேண்டும், மூலப்பிரதி தீண்டப்படலாகாது. மாணவர்களின் முகமோ வீடோ தெரியும் படங்களைப் பிறருக்கு அனுப்புமுன் இடக் குறிப்பை நீக்குவதும் இதே நிரலால் இயலும்.

அழித்தலும் மீட்டலும்

படங்கள் இரண்டு வெவ்வேறு சாதனங்களில் நகலாகி, இரண்டும் சரிபார்க்கப்பட்ட பின்னரே அட்டையை வெறுமையாக்கலாம். இரண்டாவது சாதனம் வேறு கட்டிடத்தில் இருப்பது மேலும் நல்லது. கடையை எரித்த தீ கணினியையும் எரிக்கக்கூடும். அட்டையை வெறுமையாக்குவதைக் கணினியில் செய்யாமல், காமிராவிலேயே ஃபார்மட் செய்வது முறை.

தவறுதலாக அழித்துவிட்டாலும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. அட்டைகளில் வழங்கும் ‘ஃபாட்’ அமைப்பில், ஒரு கோப்பை அழிக்கும்போது பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்து மாற்றப்பட்டு, அதன் இடம் ‘காலி’ என்று குறிக்கப்படுகிறது. படத்தின் உள்ளடக்கம் அவ்விடத்திலேயே கிடக்கிறது. புதிய படம் ஒன்று அதன்மேல் எழுதப்படும்போதே அது உண்மையில் அழிகிறது. ஆகவே, தவறு தெரிந்த கணமே படம் எடுப்பதை நிறுத்தி, அட்டையை வெளியே எடுத்துப் பூட்ட வேண்டும். ‘போட்டோரெக்’ என்னும் இலவச நிரல் பட்டியலை நம்பாமல் அட்டை முழுவதையும் படித்து, ஜேபெக் படங்களின் தொடக்க அடையாளத்தைத் தேடிக் கண்டு, படங்களை மீட்கிறது. கோப்புகளின் பழைய பெயர்கள் பெரும்பாலும் மீளா. மீட்ட படங்களை அதே அட்டையில் எழுதாமல் வேறு வட்டில்தான் எழுத வேண்டும்.

படிகளின் சுருக்கம்

1. காமிராவின் கடிகாரத்தைப் படமாகப் பதிவுசெய்து பணியைத் தொடங்குக.
2. அட்டையைப் பூட்டிக் கார்டு ரீடரில் செருகுக.
3. நாள், இடம், காமிரா ஆகியவற்றைக் குறிக்கும் தனிக் கோப்புறையில் நகலெடுக்க.
4. எண்ணிக்கையையும் சோதனை எண்களையும் ஒப்பிடுக.
5. இரண்டாவது சாதனத்தில் மற்றொரு நகல் எடுத்து, கழற்றி மீண்டும் செருகிச் சோதிக்க.
6. இவை முடிந்த பின்னரே, காமிராவில் அட்டையை ஃபார்மட் செய்க.

வகுப்பில் செய்யத்தக்க பயிற்சி

ஆசிரியர் ஐந்து படங்களை ஒரு கோப்புறையில் இட்டு, அவற்றின் சோதனை எண் பட்டியலை மாணவர்களைக் கொண்டே தயாரிக்கச் செய்யலாம். பின்னர் மாணவர் அறியாமல் ஒரு படத்தைத் திறந்து, ஒரு மூலையில் ஒரே ஒரு புள்ளியின் நிறத்தை மாற்றிச் சேமிக்க வேண்டும். ஐந்து படங்களையும் கண்ணால் நோக்கி எது மாறியது என்று கண்டுபிடிக்கும்படி மாணவர்களைக் கேட்க வேண்டும். அவர்கள் முயன்று களைத்த பின், சரிபார்க்கும் கட்டளையை இயக்கச் செய்தால், மாறிய படத்தின் பெயரை அது நொடியில் கூறிவிடும். கண்ணால் பார்த்துத் திருப்தியடைவதற்கும் சோதித்து அறிவதற்கும் உள்ள வேறுபாடு இப்பயிற்சியால் மாணவர் மனத்தில் நன்கு பதியும்.